தானம் என்று எழுதினேன்

நான்கு வருடங்கள் நான் வகித்த பதவியின் பெயர் ‘சாதாரண ஆள்’. கேலிக்குச் சொல்லவில்லை. அடையாறில் ஓர் அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனை இருக்கிறது. அங்கே மனிதர்களை வைத்தோ, மனித உடம்பிலிருந்து எடுத்த எதையாவது வைத்தோ ஆராய்ச்சி செய்வதானால் முதலில் நெறிமுறைக் குழு சம்மதிக்க வேண்டும். குழுவில் டாக்டர்கள் உண்டு, ஒரு வக்கீல் உண்டு, தலைவராக ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் உண்டு. இவர்களோடு மருத்துவமும் சட்டமும் தெரியாத ஓர் ஆளும் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தத் தெரியாத ஆளின் நாற்காலி எனக்கு.

என் பிழைப்பு மொழிபெயர்ப்பு. குக்கரோடு வரும் சிறு புத்தகம், காப்பீட்டு நிபந்தனைகள், இருமல் மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் தாள், இதையெல்லாம் தமிழில் யாராவது எழுதத்தானே வேண்டும். மயிலாப்பூரில் இரண்டாவது மாடியில் உட்கார்ந்து அதை நான் எழுதுகிறேன். ஜன்னலுக்குக் கீழே மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள். மேஜை லேசாக அதிரும். அந்த அதிர்வில் கண் சொருகும். ஒரு சொல்லைத் தேடிக்கொண்டு வெளியே பார்த்தேனானால் அரை மணி நேரத்துக்கு நான் இந்த உலகத்தில் இல்லை. பகல் கனவு எனக்குச் சின்ன வயசிலிருந்தே இருக்கிற வியாதி.

குழுக் கூட்டத்திலும் அதே கதைதான். மூன்றாவது மாடி அறையின் ஜன்னலிலிருந்து ஆறு கடலில் கலக்கும் இடம் தெரியும். தண்ணீர் உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று கண்டுபிடிக்கவே முடியாது. சாயம் போன வெளிச்சத்தில் கொக்குகள் நின்றுகொண்டிருக்கும். நீதிபதி, “மேடம், உங்க அபிப்பிராயம்?” என்று கேட்கும்போது நான் பெரும்பாலும் ஏதாவது ஒரு கொக்கோடு நின்றுகொண்டிருப்பேன்.

ஒரு மதியம் என் தூக்கத்தைக் கலைக்கும் ஒரு திட்டம் வந்தது. குழந்தை இல்லாத தம்பதிகளுக்காக உடம்புக்கு வெளியே கருக்களை உருவாக்கி, ஒன்றிரண்டைக் கருப்பையில் வைத்துவிட்டு, மற்றதை உறையவைத்துப் பத்திரப்படுத்துவார்கள். குழந்தை பிறந்த பிறகு பலருக்கு அவை வேண்டியிருக்காது. எப்படியும் ஒருநாள் அப்புறப்படுத்தப்பட வேண்டியவை. அவற்றைச் சம்மதத்தோடு பெற்று, உள்ளிருக்கும் குருத்தணுக்களை எடுத்து வளர்ப்பதுதான் திட்டம். குருத்தணு என்றால் எந்த உறுப்பின் அணுவாகவும் மாறக்கூடிய அணு. “எங்க குறி விழித்திரை” என்றார் அந்தத் திட்டத்தின் தலைவியான விஞ்ஞானி. “நடுப்பார்வை போனவங்களுக்கு விழித்திரை அணுக்களை வளர்த்து வைக்க முடியுமான்னு பார்க்கப் போறோம்.”

அன்றைக்கு நான் கொக்கைப் பார்க்கவில்லை.

என் கணவருக்கு நடுப்பார்வை போய்க்கொண்டிருந்தது. நந்தனத்தில் ஒரு கல்லூரியில் முப்பது வருடம் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவர் அவர். இரண்டு கண்ணிலும் ஓரங்கள் தெரியும், நடுவில் புகை. என் முகத்தைப் பார்த்தால் காதும் முடியும் இருக்கும், மூக்கும் வாயும் இருக்காது. “தோடு மாத்திட்டே போல” என்பார். எதிரே நான் அழுதுகொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. 

ஓர் ஆராய்ச்சியால் தனக்கோ தன் வீட்டாருக்கோ பயன் இருக்குமானால், அந்த உறுப்பினர் அதைச் சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார வேண்டும் என்று விதி இருந்தது. அந்த விதியைத் தமிழில் எழுதியவளே நான்தான். ஆனால் அன்று எழுந்திருக்கவில்லை. இது பலன் தரப் பத்து வருடம் ஆகலாம், இருபதும் ஆகலாம் என்று விஞ்ஞானி சொன்னார். அத்தனை தூரத்தில் இருப்பதை எப்படிப் பயன் என்று சொல்வது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

விஞ்ஞானி திரையில் ஒரு கருவைக் காட்டினார். ஐந்து நாள் வயது. ஊறின ஜவ்வரிசி மாதிரி இருந்தது.

“இதுல உயிர் இருக்கா?” என்று கேட்டார் நீதிபதி.

“இருக்கு சார்.”

“ஆள்?”

“இல்லை. இன்னும் இல்லை.”

“அந்த ‘இன்னும்’தான் மேடம் இடிக்குது” என்றார் வக்கீல். அதற்கு மேல் அரை மணி நேரம் அந்த ‘இன்னும்’ மேலேயே எல்லோரும் நின்றார்கள். கடைசியில் நிபந்தனைகளோடு சம்மதித்தார்கள். கணவன் மனைவி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். உறைந்த கருவை ஆராய்ச்சிக்காக வெளியே எடுக்கும் நாள் வரைக்கும் மனம் மாறினால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். படிவம் நல்ல தமிழில் இருக்க வேண்டும். டாக்டரோ நர்ஸோ வாசித்தால் நோயாளி தயங்குவார் என்பதால் சாதாரண ஆளே அதை வாசித்துக் காட்ட வேண்டும்.

படிவத்தை எழுத ஒரு வாரம் ஆயிற்று. ‘மீந்த கரு’ என்று எழுதினால் காலையில் மீந்த இட்லி ஞாபகம் வருகிறது. ‘உபரி’ என்றால் ரேஷன் கடை. ‘எஞ்சிய’ என்று போட்டுச் சமாளித்தேன். அடுத்தது, ஆராய்ச்சிக்கு என்ன செய்கிறார்கள்? தருகிறார்களா, ஒப்படைக்கிறார்களா, விட்டுக்கொடுக்கிறார்களா? எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தேன். வாயில் வைத்தால் சப்பென்று இருந்தன. உள்ளறையில் என் கணவர் ரேடியோவின் பொத்தானைத் தடவித் தேடிக்கொண்டிருந்தார். கண் தானம் என்று தெருவெல்லாம் எழுதிவைத்திருக்கிறார்களே, அந்தச் சொல் தானாக வந்து உட்கார்ந்தது. எஞ்சிய கருக்களை ஆராய்ச்சிக்குத் தானமாக அளிக்கிறோம். தானம் என்று கேட்டால் யாருக்கும் இல்லை என்று சொல்ல வாய் வராது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். நீதிபதி அந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டு, அருமையான தமிழ் என்று பாராட்டினார்.

வியாழக்கிழமை மதியங்களில் நான் போய் வாசித்துக் காட்டுவேன். அப்படி ஒரு வியாழக்கிழமைதான் அவள் வந்தாள். முப்பத்தெட்டு முப்பத்தொன்பது வயது இருக்கும். தி.நகரில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் பட்டுப் பிரிவில் சேலை எடுத்துக் காட்டும் வேலை. அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவள். கரையிலிருந்த வீடுகளை எடுத்தபோது ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் ஒரு வீடு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. இந்த மருத்துவமனையில் பிறந்ததுதான். புருஷன் கையெழுத்தைப் போட்டுவிட்டு ஆட்டோ சவாரி இருக்கிறது என்று போயிருந்தான்.

“இது அந்த மூணுக்குத்தானே மேடம்?” என்றாள். “எனக்கு ஒண்ணு வந்துச்சி, போதும். மூணு ஐஸ்ல கீதுன்னு டாக்டரம்மா சொன்னாங்கோ.”

நான் வாசித்தேன். தானம் என்ற சொல் வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

“தானமா?”

“ஆமாம்மா.”

சுவரில் சாய்ந்திருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “நம்ள மாரி ஆளுங்கோ எங்க மேடம் தானம் குடுத்தோம்? வாங்கிக்கினுதான் கீறோம். வூடு அவங்கோ குடுத்தது. தோ, இந்தப் புள்ளையே இங்க கொறச்ச செலவுல குடுத்தது.” முகத்தில் ஒரு பெருமை வந்திருந்தது. பார்க்க அழகாக இருந்தாள்.

ஏழாவது பத்தியை வாசித்தேன். மனம் மாறினால், கருவை வெளியே எடுக்கும் நாள் வரை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

அவள் சிரித்தாள். “தானம் குடுத்துட்டு எவனாவது திருப்பிக் கேப்பானா மேடம்?”

நானும் சிரித்தேன். பக்கத்தைத் திருப்பினேன்.

வாசித்து முடித்ததும் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். குழந்தைக்குத்தான் என்று நினைத்தேன். மூடியைத் திறந்து வலது உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, கண்ணை மூடி, உதடு அசைய ஏதோ சொல்லி, விரல் வழியாகத் தரையில் வடியவிட்டாள். கல்யாணத்தில் பெண்ணைத் தாரை வார்ப்பார்களே, அந்த மாதிரி. குழந்தை இறங்கி அந்த ஈரத்தில் கால் வைத்துக் குதித்தது. தரை துடைக்கும் அம்மாள், “இன்னாமா, இப்பத்தானே தொடச்சேன்” என்று சத்தம் போட்டாள். இவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பேனாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கையெழுத்துப் போட்டாள்.

தாரை வார்ப்பது என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் விட்டுக் கொடுத்தாகிவிட்டால் அப்புறம் கொடுத்தவருக்கு அந்தப் பொருளின் மேல் பேச்சே கிடையாது. என் படிவத்தின் ஏழாவது பத்தி அவள் கைத்தண்ணீரில் போய்விட்டது. அப்போதே, ‘அம்மா, இது அந்தத் தானம் இல்லை, நீ எப்ப வேணா கேக்கலாம், வெக்கப்படாம கேக்கலாம்’ என்று சொல்லியிருக்க வேண்டும். கண்டும் காணாமல் தாளை மடித்து உறையில் போட்டேன். வெளியே வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். மூன்று என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே பஸ்ஸுக்கு நின்றேன்.

ஆறேழு மாதம் கழித்து நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குச் சேலை எடுக்க தி.நகர் போனேன். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து ஆகாய நடைபாதையில் நடந்துபோகும்போது கீழே ரங்கநாதன் தெருவின் தலைகள் ஒரே ஓட்டமாக ஓடிக்கொண்டிருந்தன. மேலே நின்று பார்த்தால் யாரும் நடப்பதாகவே தெரியாது, தெருதான் நகர்கிறது. கடையில் நாலாவது மாடி. ஏசி குளிரில் பட்டு வாசனை. நான் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு நின்றேன்.

“மேடம், என்னத் தெர்தா?”

அவள்தான். கடைச் சீருடையில், கொண்டையில் மல்லிப்பூ. ஒவ்வொரு சேலையாக உதறி விரித்துக்கொண்டே குழந்தையைப் பற்றிப் பேசினாள். அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“ஒண்ணு கேட்டா தப்பா நென்ச்சிக்க மாட்டீங்களே? அந்த மூணும் இன்னும் ஐஸ்லதான் கீதா, எடுத்துட்டாங்களா?”

“ஏம்மா?”

“சும்மாதான்.” ஒரு சேலையின் மடிப்பை நீவினாள். “கனா வருது மேடம். இதே கடை. இதே ஏசி. மூணு புள்ளங்கோ அந்தத் தூணாண்ட நின்னுக்கினு கீதுங்கோ. மூஞ்சி தெரில. குளுருதுன்னுதுங்கோ. நான் பட்டுப் பொடவையா எடுத்து எடுத்துப் போத்திக்கினே கீறேன். எத்தினி போத்துனாலும் பத்தல.”

தூணைப் பார்த்தேன். அங்கே ஒரு கண்ணாடி மட்டும் இருந்தது.

“இன்னொண்ணு வேணும்னு கீது எனக்கு” என்றாள். “பாப்பா தனியாவே வெளாடுது. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டேன். இனிமே எனக்கு முட்டை வராதுன்ட்டாங்கோ.”

“அந்த மூணைப் பத்திச் சொன்னியா?”

“டாக்டரம்மா மாறிட்டாங்கோ, இவங்களுக்குத் தெரியாது. நானும் வாயத் தொறக்கல. குடுத்தத எப்டி மேடம் கேக்கறது? தண்ணி உட்டுல்ல குடுத்தேன்.” பெருமூச்சு விட்டாள். “இருக்கா இல்லியான்னு தெரிஞ்சா போதும். இல்லன்னா கனா நின்னுடும்.”

இருக்கிறது. அதுவும் எனக்குத் தெரியும். முந்தின வாரக் கூட்டத்தில் விஞ்ஞானி முதல் தொகுதியை வெளியே எடுக்கும் நாளைச் சொல்லியிருந்தார். இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம் நான் சொல்ல வேண்டியது. எந்த மொழியிலிருந்தும் பெயர்க்கக்கூட வேண்டாம்.

“விசாரிச்சுச் சொல்றேம்மா” என்று மென்று விழுங்கினேன். அவள் எடுத்துக் காட்டிய சேலையின் நிறத்தைக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு படி இறங்கினேன்.

அதற்கப்புறம் ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் எனக்கு ஒரு நீண்ட மதியமாகத்தான் ஞாபகத்தில் இருக்கிறது. கீழே தோண்டும் சத்தம், மேஜையின் அதிர்வு, அரைக்கண் மயக்கம். அதில் யாரோ என் கணவரின் கண்கட்டை அவிழ்க்கிறார்கள். அவர் என் முகத்தின் நடுவைப் பார்க்கிறார். “கிழவி ஆயிட்டியேடி” என்கிறார். நான் சிரிக்கிறேன். இந்தக் கனவை நான் பல மாதங்களைச் செலவழித்துக் கட்டி வைத்திருந்தேன். இப்போது ஒவ்வொரு தடவையும் அவர் பார்வைக்கும் என் முகத்துக்கும் நடுவில் மூன்று பிள்ளைகள் பட்டுப்புடவையைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றார்கள். எரிச்சலாக வந்தது. அவள் கனவு என் கனவுக்குள் எப்படி வரலாம் என்று கோபித்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனோம். தினமும் போவதுதான். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு மணலில் நடப்பார். கூட்டத்தைத் தாண்டி ஈரமணல் ஆரம்பிக்கும் இடத்தில் உட்கார்ந்தோம். வேளாங்கண்ணி கோயில் மணி கேட்டது.

“நேரா பார்த்தா கடலே இல்லை” என்றார். “கொஞ்சம் தள்ளிப் பார்த்தா இருக்கு. வேடிக்கைதான்.” அவர் அதைப் பாடம் நடத்துவது போல உற்சாகமாகத்தான் சொன்னார்.

எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். குழுவில் எழுந்திருக்காததை, தானம் என்று எழுதியதை, தண்ணீரை, சேலைக் கடையை. அலைச் சத்தத்தில் நடுவில் சில வார்த்தைகள் போயிருக்கும். இருந்தாலும் அவருக்குப் புரிந்தது.

“இதெல்லாம் என் கண்ணுக்காகவா?” என்று கேட்டார்.

“வேற யாருக்காக?”

“என்னைக் கேட்டியா?”

நான் முழித்தேன்.

“உங்களுக்காக இப்படி ஒண்ணு பண்றேன், சரியான்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? அந்தப் பொண்ணுக்காவது ஒரு தாளைப் படிச்சுக் காட்டியிருக்கே. எனக்கு அதுவும் இல்லை.” முப்பது வருடக் கல்யாணத்தில் அவர் என்னிடம் அப்படிக் கோபப்பட்டதில்லை. எழுந்து, என் கையை உதறிவிட்டு, கார்கள் நிற்கும் பக்கம் என்று நினைத்துக்கொண்டு மீன்கடைகள் பக்கமாகப் போனார். ஒரு வறுத்த மீன் தட்டின் மேல் இடித்துக்கொள்ளப் போனவரை ஓடிப்போய்ப் பிடித்தேன்.

மறுநாள் கடை திறக்கும்போதே நாலாவது மாடியில் நின்றேன். அவள் முந்தின நாள் கலைத்த சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“மூணும் இருக்கு” என்றேன். “நீ கேக்கலாம். உன்னுதுதான். கேட்டா குடுத்துடணும்னு ரூலே இருக்கு.”

மடிப்பு கையில் நின்றது. “கேக்கலாமா?”

“ஏழாவது பத்தியிலே இருந்துச்சு. அன்னைக்கே படிச்சேனே.”

“படிச்சீங்கோ” என்றாள் மெதுவாக. “நான் சிரிச்சேன். நீங்களும் சிரிச்சீங்கோ.”

அவள் மேற்பார்வையாளரிடம் கெஞ்சி இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கினாள். ஆட்டோவில் போகும்போது கிண்டி பக்கம் மரங்களின் நிழல் எங்கள் மடியில் விழுந்து விழுந்து போயிற்று. பாதி வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, தோஷம் ஒண்ணும் வராதே?” என்று கேட்டாள். மேடம் எப்போது அக்கா ஆனேன் என்று தெரியவில்லை. வந்தால் எனக்கு வரட்டும் என்று சொன்னேன். மனசாரச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் பத்து நிமிஷ வேலை. ஒரு தாள், இரண்டு கையெழுத்து. புருஷனை போனில் கூப்பிட்டு வரவழைத்தார்கள். விஞ்ஞானி முகம் சுளிக்கவில்லை. அவளுக்கு நாற்காலி போட்டார். பட்டியலில் ஒரு வரியை மட்டும் நிதானமாக அடித்தார்.

நான் நீதிபதியின் அறைக்குப் போய் என் கணவரின் கண்ணைப் பற்றியும் அந்தச் சொல்லைப் பற்றியும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். “நான் வேற பாராட்டினேனே” என்றார். அவ்வளவுதான் திட்டு. பதவியை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதுவரை கையெழுத்துப் போட்ட எல்லோரிடமும் மறுபடி கேட்க வேண்டும் என்று குழு முடிவு செய்தது. வேலை பல மாதம் தள்ளிப்போயிற்று. புதுப் படிவத்தில், ‘ஆராய்ச்சிக்குத் தருகிறோம். மனம் மாறினால் வெளியே எடுக்கும் நாள் வரை திருப்பிக் கேட்போம். கேட்டால் தவறில்லை’ என்று போட்டிருந்தார்கள். யார் எழுதியதோ தெரியவில்லை, சப்பென்றுதான் இருந்தது. ஆனால் சரியாக இருந்தது. பிறகு ஒரு நாள் விஞ்ஞானி போன் செய்தார். “இப்பல்லாம் பாதிப் பேர் யோசிச்சுச் சொல்றோம்னு போயிடறாங்க மேடம்” என்று வருத்தமாகச் சொன்னார். அவர் மேல் எனக்கு இரக்கமாக இருந்தது. அவர் கேட்டதிலும் ஒரு பிழையும் கிடையாது. எங்கோ யாருக்கோ ஒரு முகத்தின் நடுப்பகுதி கிடைக்க வேண்டும் என்றுதான் அவரும் உழைக்கிறார்.

அவள் கருப்பையில் இரண்டு கருக்களை வைத்தார்கள். கரு நின்றதா என்று தெரியப் பதினான்கு நாள் காத்திருக்க வேண்டும். அந்தப் பதினான்கு நாளும் நான் எந்தக் கனவும் காணவில்லை. இருபதாம் நாள் வரை அவளிடமிருந்து போன் வராததால் நானே கடைக்குப் போனேன். ஆடித் தள்ளுபடி முடிந்து கடை வெறிச்சென்று இருந்தது. மதியம் மூன்று மணி இருக்கும். மெத்தைத் தரையில் உட்கார்ந்து சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள்.

“நிக்கலக்கா” என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அழவில்லை. அழுது முடித்த முகம்.

“இனிமே வெக்க வேணாம், உன் ஒடம்பு தாங்காதுன்ட்டாங்கோ. இன்னும் ஒண்ணு மட்டும் ஐஸ்ல கீது.”

சேலையின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேருமாக மடித்தோம். எனக்கு அப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

“எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு போயிட்டிருக்கு” என்றேன். “அந்த ஆராய்ச்சி கண்ணுக்கானது. அதனாலதான் தானம்னு எழுதினேன். நீ தண்ணி விட்டப்போ தெரிஞ்சே சும்மா இருந்தேன்.”

அவள் மடித்ததை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

“அவருக்கு சுத்தமா தெரியாதா?”

“ஓரம் தெரியும். நடுவுல தெரியாது.”

“உங்க மூஞ்சி?”

“தெரியாது.”

தலையை ஆட்டிக்கொண்டாள். அடுத்த சேலையை எடுத்தாள். பாதி மடித்துவிட்டு நிறுத்தினாள்.

“இத்த அன்னிக்கே சொல்லிருக்கலாமேக்கா. எங்க வூட்டுக்காரருக்குக் கண்ணு தெரில, உன்னுத குடும்மான்னு நேரா கேட்டிருந்தீங்கன்னா, தெரிஞ்சே மூணையும் குடுத்திருப்பேன். கனாகூட வந்திருக்காது.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

“அந்த ஒண்ண மட்டும் கேட்றாதீங்கோ. இப்போ குடுக்க மாட்டேன்.”

கேட்க வரவில்லை என்றேன். படியேறி ஓர் அம்மாளும் மகளும் வந்தார்கள். அவள் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, “வாங்கம்மா, இன்னா கலர்ல பாக்கறீங்கோ?” என்று கேட்டபடி அவர்களிடம் போனாள்.